நோயாளியின் அருகே ஒரு பரீட்சை

அரசாங்க மருத்துவக் கல்லூரிகளின் இளநிலை இடங்களில் நூற்றுக்கு 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு உரியவை. அவ்வழியே வெளி மாநிலங்களில் பயிலும் நம் பிள்ளைகள் பலர். அவர்கள் தேறிய செய்தி கேட்டு மகிழும் நாம், அத்தேர்ச்சி எங்ஙனம் அளக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

பழைய முறை இது: மாணவரிடம் ஒரு நோயாளியை ஒப்படைப்பர். அவர் விசாரித்துச் சோதித்தபின் பரீட்சகர்முன் நின்று விடையிறுப்பார். ஒருவருக்கு எளிய நோய் வாய்க்கும். அடுத்தவருக்குச் சிக்கலான இருதயக் கோளாறு வாய்க்கும். ஒரு பரீட்சகர் கனிந்தவர். மற்றவர் காலையிலேயே சினந்தவர். கிடைத்த மதிப்பெண்ணில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று யாரே பிரித்துரைப்பார்? மேலும், மாணவர் நோயாளியோடு பேசிய விதத்தைப் பரீட்சகர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. முடிவை மட்டுமே கேட்கிறார்.

ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ நகரில் ரானல்ட் ஹார்டனும் அவர்தம் துணைவரும் 1975-இல் ஒரு மாற்றை வெளியிட்டனர். மாணவர் யாவரும் பல நிலையங்களை வரிசையாகச் சுற்றி வருவர். ஓரிடத்தில் நோயாளியை விசாரித்தல், ஓரிடத்தில் உடலைச் சோதித்தல், மற்றோரிடத்தில் எக்ஸ்ரே படத்தை விளக்குதல் என்று வேலை மாறும். சில நிமிடங்களில் மணி அடிக்கும். அடுத்த நிலையத்துக்கு நகரவேண்டும். எல்லோருக்கும் ஒரே வினா. முன்னரே எழுதிவைத்த பட்டியலின்படியே மதிப்பெண். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களும் இதில் அமர்வதுண்டு. அவ்வழக்கத்தை 1963-இல் அமெரிக்காவில் தொடங்கியவர் ஹோவர்ட் பாரோஸ்.

பட்டியல் இருப்பதாலேயே பரீட்சை நேர்மையாகிவிடாது. ஒரு நோயில் வல்லவர் மற்றொன்றில் தடுமாறுவது இயல்பு. ஆதலால் பல நோயாளிகள், பல பரீட்சகர்கள், போதிய நேரம் ஆகியவையே மதிப்பெண்ணுக்கு நம்பகம் தருகின்றன. கிளிப்பிள்ளைபோல் வணக்கம் சொன்னவருக்கும் பட்டியலில் ஒரு குறி விழுந்துவிடுகிறதே! அனுபவமுள்ள பரீட்சகரின் ஒட்டுமொத்தக் கணிப்பையும் சேர்ப்பது இதனாற்றான்.

கிழக்கு மாநிலமொன்றில் பயின்ற நம் உறவுப் பெண்ணுக்குப் பரீட்சையன்று ஒரு கிராமத்து மூதாட்டி வாய்த்தார். மூதாட்டி தம் உபாதைக்குச் சொன்ன ஊர்ச்சொல் இவளுக்கு விளங்கவில்லை, மதிப்பெண் குறைந்தது. தவறியது மருத்துவமா, மொழியா? நோயாளியின் சொல் விளங்காத வைத்தியம் அரைகுறை என்பதே நம் கருத்து. ஆயினும் குறை எதிலென்று மாணவிக்குப் பிரித்துச் சொல்லாதது பரீட்சையின் குறையே. 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் தொடக்கப் பயிற்சியிலேயே வட்டார மொழியையும் சேர்த்தது.

அப்பெண் அதன்பின் வார்டு ஆயாவிடம் நோய்ப்பெயர்களைக் கேட்டுக் கேட்டு, ஒரு சிறு நோட்டில் தமிழெழுத்தில் குறித்துவரலானாள்.