உங்களுக்குத் தெரியுமா? தூண்டில்காரர்களுக்கு அணையின் அடித்தரை

105 அடி எங்கே?
பவானிசாகர் அணையின் மொத்த உயரம் 120 அடி, சேறும் சகதியும் போக 105 அடி. நீர்மட்டச் செய்தியோடு இந்த வரியும் பத்திரிகைகளில் வருவது வழக்கம். பாசனத் தண்ணீரை எதிர்பார்க்கும் விவசாயிக்கு அந்த எண் போதும். கரையில் தூண்டிலோடு நிற்பவருக்கு அது பாதித் தகவல்தான். அணைச் சுவரை ஒட்டி இருக்கும் ஆழம் எதிர்க்கரையில் இருக்காது. தன் தூண்டில் விழும் இடத்தில் தரை சரிகிறதா, மேடா, சேறா, பாறையா என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதை வரைந்து காட்டும் மென்பொருள்கள் வந்து பல ஆண்டுகளாகிவிட்டன. கொங்கு நாட்டு அணைகளுக்கு அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இந்த வாரத் துணுக்குகள்.

தண்ணீருக்கு அடியில் இரண்டு ஆறுகள்
பவானியும் மோயாறும் கூடும் இடத்தை ஒட்டி 1948 முதல் 1955 வரை கட்டப்பட்ட அணை பவானிசாகர். அணை நிரம்பினாலும் அந்த இரண்டு ஆறுகளின் பழைய தடங்கள் அடியில் பள்ளமாகவே இருக்கின்றன. வண்டல் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக மேடாக்குகிறது, ஆனாலும் தடம் முழுதாக அழிந்துவிடவில்லை. மீன்கள் நடமாடுவதும் இரை தேடுவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட பள்ளங்களின் விளிம்பில்தான். ஆழத்துக்கும் மேட்டுக்கும் அங்கிருந்து நாலைந்து அடிதான் தூரம். நன்றாக வரைந்த ஆழ வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவது இந்தப் பழைய ஆற்றுத்தடம். நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் டணாயக்கன் கோட்டையின் மாதவராயப் பெருமாள் கோயிலும் அங்கே வெளியே தெரியும். மேட்டூரிலும் இதே கதைதான். 1934-இல் கட்டி முடித்த அந்த அணையில் தண்ணீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் தலை காட்டுகின்றன. மூழ்கிய கட்டடங்களின் ஓரம் மீன்களுக்கு நல்ல ஒதுங்கிடம்.

நொடிக்கு 1,500 மீட்டர்
நல்ல தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. 15 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொட்டுவிட்டு எதிரொலி திரும்பி வர 0.02 நொடி ஆகும். அந்த நேரத்தை அளந்து ஆழத்தைச் சொல்வதுதான் சோனார். ஒரு நுணுக்கம்: தண்ணீர் சூடாக இருந்தால் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு 1,482 மீட்டர், 30 டிகிரியில் 1,509 மீட்டர். 20 மீட்டர் ஆழத்தில் இந்த வேறுபாடு ஓர் அடிக்கு மேல் பிழையாக வரும். தூண்டிலுக்கு அது பெரிய விஷயமில்லை. வண்டலை அளக்கும் பொறியாளருக்குப் பெரிய விஷயம்.

நாகசாகியில் தொடங்கியது
மீன் கூட்டத்தை எதிரொலியால் கண்டுபிடிக்கும் கருவியை முதன்முதலில் வணிகமாக்கியவர்கள் ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள், 1948-இல். அது கடல் மீனவர்களுக்கானது. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு அதைக் கைக்கு அடக்கமாக்கியது அமெரிக்காவின் கார்ல் லோரன்ஸ் குடும்பம். 1957-இல் தொடங்கிய அவர்களது நிறுவனத்தின் சின்னப் பச்சைப் பெட்டி அந்தக் காலத்தில் அங்கே ஏரிக்கு ஏரி பிரபலமாக இருந்தது. ஆனால் ஆழம் தெரிந்தால் மட்டும் வரைபடம் ஆகிவிடாது, எந்த இடத்து ஆழம் என்றும் தெரிய வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தவறிய இடக்கணக்கு சில மீட்டருக்குள் வந்தது. தூண்டில்காரர் தானே வரைபடம் தயாரிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான்.

மென்பொருள் என்ன செய்கிறது?
படகு போகப்போக இடமும் ஆழமும் ஜோடி ஜோடியாகப் பதிவாகின்றன. ரீஃப்மாஸ்டர் போன்ற மென்பொருள் அந்தப் புள்ளிகளை இணைத்து, சம ஆழமுள்ள இடங்களைக் கோடுகளாக வரைகிறது. கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்தான சரிவு, விலகியிருந்தால் சமதளம். சுவீடனில் உருவான டாக்டர் டெப்த் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. இப்போது வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. கார்மின் நிறுவனத்தின் குயிக்டிரா, படகு நகரும்போதே ஓரடிக்கு ஒரு கோடாக வரைந்துகொண்டே வருகிறது.

புதிதாக வாங்குபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். படகு போன தடத்தில் இருப்பது மட்டுமே அளவு. இரண்டு தடங்களுக்கு நடுவே திரையில் தெரிவது மென்பொருளின் ஊகம். 50 மீட்டர் இடைவெளி விட்டு ஓட்டினால் நடுவில் இருக்கும் பாறையும் பள்ளமும் வரைபடத்தில் வராமலே போகலாம். அழகான வண்ணத்தில் வந்துவிட்டது என்பதற்காக ஒரு வரைபடத்தை நம்பிவிடாதீர்கள். புள்ளிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள்.

நீர்மட்டத்தைக் குறிக்காத வரைபடம் வீண்
ஆண்டு முழுக்க மட்டம் அதிகம் மாறாத ஏரியில் ‘இங்கே 40 அடி’ என்றால் என்றைக்கும் 40 அடிதான். நம் அணைகள் அப்படியில்லை. ஒரே ஆண்டில் பல பத்து அடிகள் ஏறி இறங்குகின்றன. ஆகவே ஆழத்தை எழுதாதீர்கள், தரையின் மட்டத்தை எழுதுங்கள். அணை 90 அடியில் இருக்கும் நாளில் ஓரிடத்தில் ஆழம் 40 அடி என்றால், அங்கே தரை 50 அடி மட்டத்தில் இருக்கிறது. அணை 65 அடிக்கு இறங்கியதும் அதே இடத்தில் 15 அடித் தண்ணீர்தான். 50 அடியில் அது காய்ந்த தரை. ரீஃப்மாஸ்டர் மென்பொருள், ஹம்மின்பேர்டு நிறுவனத்தின் சோனார் கருவி இரண்டிலும் இந்த நீர்மட்டத் திருத்தத்தைச் செய்யும் வசதி உண்டு. அன்றைய மட்டத்தைப் பத்திரிகையில் பார்த்துப் போட்டுவிடலாம்.

படகே இல்லாமல் பாதி வரைபடம்
கொங்கு நாட்டு அணைகளுக்கு என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அணையின் மட்டம் 80 அடியாக இருக்கும் நாளில் தண்ணீர் தரையைத் தொடும் விளிம்பு எதுவோ, அதுவே 80 அடிக் கோடு. தனியாக அளக்க வேண்டியதில்லை, தண்ணீரே வரைந்து காட்டிவிடுகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015-இலிருந்து பூமியைப் படம் எடுத்து இலவசமாகத் தருகின்றன. இரண்டாவது கோள் சேர்ந்த 2017-க்குப் பிறகு ஐந்து நாளைக்கு ஒரு படம் கிடைக்கிறது. ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம்.

மழைக்காலம் முடிந்து அணை நிரம்பியிருந்த நாளின் படத்தை எடுங்கள். தண்ணீர் இறங்க இறங்க, மேகமில்லாத ஒவ்வொரு படத்திலும் நீர்விளிம்பை வரைந்து, அன்றைய மட்டத்தை அதன் மேல் எழுதுங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். கோடை முடிவதற்குள் நிரம்பிய மட்டத்திலிருந்து வற்றிய மட்டம் வரை அடுக்கடுக்கான கோடுகள் சேர்ந்துவிடும். பவானிசாகர், ஆழியாறு, திருமூர்த்தி, அமராவதி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மறுபடி அணை நிரம்பும்போது, கரையிலிருந்து தூண்டில் எட்டும் தூரத்துக்குத் தரை எப்படி என்று உங்கள் கையிலேயே இருக்கும். எப்போதும் வற்றாத ஆழப் பகுதிக்கு மட்டும்தான் சோனார் வேண்டும்.

தூண்டிலில் கட்டி வீசும் சோனார்
லித்துவேனியாவின் டீப்பர் நிறுவனம் செய்யும் சோனார் ஒரு சின்னப் பந்து. தங்கூசி நரம்பில் கட்டி வீசிவிட்டு மெல்லச் சுற்றி இழுத்தால், வரும் வழியெல்லாம் ஆழத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும். ஜிபிஎஸ் உள்ள வகைகளில் கரையில் நின்றபடியே வரைபடம் தயாராகும். அணைகளில் சொந்தப் படகு இறக்க முடியாத நம் ஊருக்கு இதுதான் தோது.

கூம்பு எவ்வளவு அகலம்?
சோனார் ஒலி டார்ச் வெளிச்சம் போல விரிந்துகொண்டே இறங்குகிறது. 15 டிகிரிக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் இரண்டரை மீட்டர் வட்டத்தைப் பார்க்கும். 55 டிகிரிக் கூம்பு அதே ஆழத்தில் பத்து மீட்டர் வட்டத்தைப் பார்க்கும். மீன் தேட அகலக் கூம்பு, வரைபடத்துக்குக் குறுகிய கூம்பு. சரிவான இடத்தில் அகலக் கூம்பு மேட்டின் எதிரொலியை முதலில் வாங்கிக்கொண்டு ஆழத்தைக் குறைத்துச் சொல்லிவிடும்.

திரையில் வில்
மீன் கூம்புக்குள் நுழையும்போது தூரம் அதிகம், நேர் கீழே வரும்போது குறைவு, வெளியேறும்போது மறுபடி அதிகம். அதனால்தான் திரையில் அது வளைந்து தெரிகிறது. அந்த எதிரொலியின் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையிலிருந்து வருவது. காற்றுப்பை பெரிதாக இருந்தால் சின்ன மீனும் பலமாகத் தெரியும். வில்லின் அளவை வைத்து எடை சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

எந்த மீனுக்கு எந்தக் கோடு?
கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் தரையில். மூன்றும் நம் பகுதிக்கு வெளியிலிருந்து வந்தவை. பல அணைகளில் இவற்றின் குஞ்சுகளை ஆண்டுதோறும் விட்டுத்தான் வளர்க்கிறார்கள். மிர்காலுக்குத்தான் தரை வரைபடம் அதிகம் உதவும். 1952-இல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை அமராவதி அணையில் பல்கிப் பெருகியது. ஆண் மீன் ஆழம் குறைந்த இடத்தில் தரையைக் கிண்ணம் போலத் தோண்டிக் கூடு கட்டும். மட்டம் ஏறியிருக்கும்போது அந்தக் கூடுகள் எங்கே இருக்கும் என்று நீர்விளிம்புக் கோடுகளே காட்டிவிடும். விராலுக்கு இந்தக் கருவி எதுவும் வேண்டாம். அது செடி மண்டிய ஓரத்தில் இருந்துகொண்டு மூச்சு வாங்க மேலே வரும். கண்ணும் பொறுமையும் போதும்.

கோவைக் குளங்கள்
உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர், சூலூர் என்று நொய்யல் நீரால் நிறையும் குளங்களில் ஆழம் குறைவு. ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் எதிரொலி குழம்பிப்போகும். தக்கையை ஏற்றி இறக்கி ஈயத்தால் ஆழம் பார்க்கும் பழைய முறைதான் இங்கே சரி. வண்டல் அள்ளிய குளங்களில் மட்டும் கவனம். சமதளமாக இருந்த தரையில் திடீர்ப் பள்ளங்கள் உருவாகியிருக்கும். கோடையில் மீன் அங்கேதான் ஒதுங்கும். இறங்கிக் குளிக்கும் பிள்ளைகள் ஆபத்தில் சிக்குவதும் அங்கேதான். அப்படி ஒரு பள்ளம் உங்கள் வரைபடத்தில் தெரிந்தால் ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ சொல்லிவிடுங்கள்.

பொறியாளரும் இதையே செய்கிறார்
அணையில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அறியவும் படகு, எதிரொலிக் கருவி, ஜிபிஎஸ் மூன்றும்தான். 1944-இல் தொடங்கிய பூண்டி நீரியல் ஆய்வு நிலையம் தமிழக நீர்த்தேக்கங்களில் இத்தகைய அளவீடுகளைச் செய்து வருகிறது. மக்கள் வரிப்பணத்தில் எடுக்கப்படும் அந்த ஆழ வரைபடங்கள், அணைப் பாதுகாப்புக்குக் கேடில்லாத அளவிலாவது பொதுவில் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை. உரிமம் வாங்கிப் பரிசலில் வலை போடும் மீனவர்களுக்கு அது நேரடியாகப் பயன்படும்.

மோயாற்று மடுக்களைப் பகிராதீர்கள்
காவிரிப் படுகைக்கே உரிய பெரிய மஹ்சீர் கெண்டையை ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தூண்டில்காரர்கள் அறிவார்கள். ஆனால் அதன் சரியான அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானது 2018-இல்தான். அதே ஆண்டு அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. எஞ்சியிருக்கும் சில இடங்களில் மோயாறு ஒன்று. மென்பொருள்களில் வரைபடத்தை உலகத்தோடு பகிரும் வசதி இருக்கிறது. அணையின் தரையைப் பகிருங்கள். அந்த மீன் ஒதுங்கும் ஆற்று மடுக்களைப் பகிர வேண்டாம். மோயாறு ஓடுவது புலிகள் காப்பகத்தில், அங்கே தூண்டில் போடும் எண்ணமே வேண்டாம்.

அனுமதி, முதலை
இந்த அணைகளின் மீன்பிடி உரிமை மீன்வளத் துறையின் கீழோ, தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கீழோ இருக்கிறது. குளங்கள் பலவற்றைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். தூண்டிலுக்கும் சோனாருக்கும் முன்னால் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். அமராவதியில் காட்டு முதலைகள் உண்டு, தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

எப்போது தொடங்கலாம்?
ஏப்ரல், மே. தென்மேற்குப் பருவமழை தொடங்கி அணைகள் நிறைவதற்கு முன். அனுமதி உள்ள கரைப் பகுதியில் காய்ந்த தரை மேல் நடந்து, பாறை, மரக்கட்டை, பழைய சுவர், மணல் திட்டு ஒவ்வொன்றையும் கைப்பேசியில் புள்ளி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி சொல்லும் உயரத்தை விட்டுவிடுங்கள், அதில் பல மீட்டர் பிழை வரும். இடக்கணக்கு மட்டும் நம்பகமானது, உயரத்துக்கு நீர்விளிம்புக் கோடுகள் இருக்கின்றன. முதலைப் பயம் உள்ள அமராவதிக்கு இந்த நடை வேண்டாம், அங்கே செயற்கைக்கோள் படமே போதும்.