ஜார்ஜ் வாஷிங்டனின் பிரியாவிடை உரை
கையெழுத்துப் பிரதி, 1796
காகிதத்தில் மை, 32 பக்கங்கள்
நியூயார்க் பொது நூலகச் சேகரிப்பு

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் தம் கைப்பட எழுதிய பிரதி இது. இதை அவர் எந்த மேடையிலும் பேசியதில்லை. நாட்டு மக்களுக்கு எழுதிய கடிதமாக, 1796 செப்டம்பர் 19 அன்று ஃபிலடெல்ஃபியா நாளிதழ் ஒன்றில் அச்சேறியது.

மூன்றாம் முறை பதவி வகிக்கப் போவதில்லை என்பதே முதற்செய்தி. கட்சிப் பகை, வட்டாரப் பிளவு, அயல்நாடுகளுடன் நிரந்தரக் கூட்டு ஆகியவற்றைக் குறித்து அவர் எச்சரிக்கிறார்.

முதல் பதவிக்காலத்தோடு ஓய்வுபெற எண்ணிய 1792இல், ஜேம்ஸ் மேடிசன் ஒரு வரைவு எழுதித் தந்திருந்தார். 1796இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் அதை விரிவாக மாற்றி எழுதினார். ஆனால் இறுதி வடிவத்தை முடிவு செய்தவர் வாஷிங்டனே. வரிகளை அவர் அடித்தும் திருத்தியும் இருப்பதைப் பக்கங்களில் காணலாம்.

அச்சிட்டு முடித்த நாளிதழ் உரிமையாளர் டேவிட் கிளேபூல், பிரதியைத் திருப்பித் தர மனமின்றித் தானே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். வாஷிங்டன் கொடுத்துவிட்டார். 1850இல் ஏலத்துக்கு வந்தபோது நூல் சேகரிப்பாளர் ஜேம்ஸ் லெனாக்ஸ் இதை வாங்கினார்.

உள்நாட்டுப் போர் நடந்த 1862இல் இவ்வுரை நாடாளுமன்றத்தில் முதன்முறை வாசிக்கப்பட்டது. இன்றும் வாஷிங்டன் பிறந்தநாளை ஒட்டி, ஆண்டுதோறும் செனட் உறுப்பினர் ஒருவர் அவையில் இதை முழுமையாக வாசித்து, அதற்கென உள்ள குறிப்பேட்டில் கையொப்பமிடுகிறார்.