மீனம்பாக்கத்தில் இறங்கிய பிறகு

சென்னை விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் டாக்சிதான் ஒரே வழி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கை நிறையப் பெட்டிகளும் வயதானவர்களும் உடன் இருந்தால் அதுவே சரி. ஆனால் ஒற்றைப் பையோடு வருபவருக்கு 2016 செப்டம்பர் முதல் வளாகத்துக்குள்ளேயே மெட்ரோ இருக்கிறது. நீலத் தடத்தில் ஏறினால் சென்ட்ரல் வரை ரயில் மாறவே வேண்டாம். கோயம்பேட்டுக்குப் போக ஆலந்தூரில் மாற வேண்டும்.

ஜி.எஸ்.டி. சாலையின் எதிர்ப்புறம் திரிசூலம் ரயில் நிலையம். அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் போக டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. இவ்வளவு அருகில் ரயில் நிலையம் அமைந்த விமான நிலையங்கள் நம் நாட்டில் குறைவு. இதை இன்னும் நிறையப் பேர் பயன்படுத்த வேண்டும்.

மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கம் போகிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. பழைய நினைப்பில் கோயம்பேட்டுக்குப் போய்விடாதீர்கள். தென்மாவட்டங்களுக்கான அரசு விரைவுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. அது நகரத்துக்கு எதிர்த்திசையில், வண்டலூரைத் தாண்டி, இதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. தெற்கே போகும் ரயிலைப் பிடிக்க வேண்டுமா? அது தாம்பரத்தில் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நின்றால் எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. திரிசூலத்திலிருந்து நான்காவது நிறுத்தமே தாம்பரம்.

வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகுதான் இறங்குகின்றன. அந்த நேரத்தில் மெட்ரோ ஓடாது. அப்போது ப்ரீபெய்டு டாக்சி கவுண்டரில் பணம் கட்டி, ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.