முழங்கால் மூட்டழற்சிப் படவியலில் கலைச்சொல் வேறுபாடு

முழங்கால் மூட்டழற்சி பற்றிய காந்த ஒத்ததிர்வுப் பட (எம்.ஆர்.ஐ.) அறிக்கைகளில் 'எஃப்யூஷன்', 'சினோவைட்டிஸ்' என்னும் இரு சொற்கள் அடுத்தடுத்து வரும். முன்னது மூட்டுக்குள் நீர் தேங்குதல். பின்னது மூட்டின் உட்சவ்வு அழற்சியுறுதல். இரண்டையும் 'வீக்கம்' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால், அச்சோதனை எதற்காகச் செய்யப்படுகிறதோ அவ்வேறுபாடே மறைந்துவிடும்.

நீரை வெண்மையாகக் காட்டும் வழக்கமான படங்களில், தேங்கிய நீரும் தடித்த சவ்வும் ஏறத்தாழ ஒரே வெண்மையாகத் தோன்றுகின்றன. ஆகவே கடோலினியம் அடங்கிய மருந்து சிரைவழியே செலுத்தப்பட்டு, நீரைக் கருமையாகக் காட்டும் பிறிதொரு வகைப் படம் எடுக்கப்படுகிறது. அழற்சியுற்ற சவ்வில் குருதி நுண்குழாய்கள் மிகுந்தும் கசிவுடையனவாயும் இருத்தலின், மருந்து அங்கு விரைந்து சேர்கிறது. அது ஹைட்ரஜன் அணுக்கருக்களின் தளர்வு நேரத்தைக் குறைப்பதால் சவ்வு ஒளிர்கிறது. நீர் கருமையாகவே நிற்கிறது. நேரம் செல்லின் மருந்து மூட்டுநீரிலும் பரவும். எனவே முதற்சில நிமிடங்களில் எடுக்கும் படமே தெளிவு தரும். 2011இல் வெளியான ஒரு மதிப்பீட்டு முறை, இவ்வாறு ஒளிரும் சவ்வின் தடிப்பை முழங்காலின் 11 இடங்களில் அளக்கிறது, 2 மி.மீ.க்குக் குறைந்தால் 0, 2 முதல் 4 மி.மீ. வரை 1, அதற்கு மேல் 2 என மதிப்பெண் இடுகிறது.

மருந்தின்றி எடுத்த படங்களுக்கென அதே ஆண்டில் வெளிவந்த 'மோக்ஸ்' முறை, 'எஃப்யூஷன்-சினோவைட்டிஸ்' என்னும் இணைச்சொல்லை ஆள்கிறது. இதனை உம்மைத்தொகையாகக் கொண்டு 'நீர்த்தேக்கமும் சவ்வழற்சியும்' என விரிப்பது பிழை. அவ்விரிவு இரண்டும் உள்ளன என உறுதி கூறுகிறது. மூலமோ இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை என்றே உணர்த்துகிறது. 'பிரித்தறியப்படாத நீர்த்தேக்க-சவ்வழற்சி' என முதலிற் சுட்டி, பின்னர்ச் சுருக்கி ஆளுதல் தகும்.

'என்ஹான்ஸ்மென்ட்' என்பதற்கு அகராதிகள் தரும் 'மேம்பாடு' இதனினும் இடர் மிக்கது. 'சவ்வில் மேம்பாடு காணப்படுகிறது' என்று படிக்கும் நோயாளி நோய் தணிந்ததாகவே கொள்வார். அச்சொல் குறிப்பதோ மருந்து சேர்ந்து சவ்வு ஒளிர்தலை, அதாவது அழற்சி இருப்பதற்கான அடையாளத்தை. இங்கு 'ஒளிர்வு மிகுதி' என்பதே பொருந்தும்.

மூலம் எவ்வளவு உறுதியாகக் கூறுகிறதோ அவ்வளவே பெயர்ப்பும் கூற வேண்டும். மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தில் சொல்லழகினும் முதன்மையானது இவ்வளவறிதலே.