உறவு முறியும்போது உள்ளே என்ன நடக்கிறது?

ஒரே அளவு தீயில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இன்னொன்றில் பாலும் வையுங்கள். தண்ணீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பெரும்பாலும் பாத்திரத்துக்குள்ளேயே தளதளத்துக்கொண்டிருக்கும். பால் அப்படியில்லை. சூடேறும்போது பாலில் இருக்கும் புரதமும் கொழுப்பும் சேர்ந்து மேலே மெல்லிய ஆடையாகப் படிகின்றன. தண்ணீரில் அடியிலிருந்து கிளம்பும் ஆவிக் குமிழிகள் மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் அவை ஆடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு திரள்கின்றன. அதுவரை அமைதியாகத் தெரிந்த பால் சில விநாடிகளில் விளிம்பைத் தாண்டிவிடுகிறது.

கணவன் மனைவி சண்டை, காதல் முறிவு, வீட்டாரோடு மனக்கசப்பு என்று நாளிதழில் ஒற்றை வரியில் முடிந்துபோகும் மரணங்களுக்குப் பின்னால் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். எது தீ, எது ஆடை என்று பிரித்துப் பார்த்தால், எந்த இடத்தில் கை வைத்துத் தடுக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

தீ, அதாவது உறவுச் சிக்கல், எவ்வளவு பெரியது என்பதை முதலில் பார்க்கலாம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 31.7 சதவீதம் பேருக்குக் காரணம் குடும்பப் பிரச்சினை என்று பதிவாகியிருக்கிறது. திருமணம் சார்ந்த சிக்கல் 4.8, காதல் விவகாரம் 4.5. மூன்றையும் கூட்டினால் நூற்றுக்கு 41 பேர். நோயின் பங்கு 18.4தான். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேரை இழந்திருக்கிறோம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான்.

ஆனால் இவை காவல்துறை ஒரு மரணத்துக்கு ஒரு காரணம் என்று எழுதி வைக்கும் பதிவுகள். உண்மையில் ஒரே காரணத்தால் யாரும் சாவதில்லை. சண்டைக்குப் பின்னால் மனச்சோர்வு இருந்திருக்கும், குடி இருந்திருக்கும், கடன் இருந்திருக்கும், முன்பே ஒருமுறை முயன்றதும் இருந்திருக்கும். சண்டை இல்லாத வீடு உலகத்தில் இல்லை. பிரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அழுது, தேறி, வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் "அவள் விட்டுட்டுப் போனதாலதான் இவன் செத்தான்" என்று யார் தலையிலாவது பழியைப் போடுவது தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட.

என் பார்வையில் கூடுதல் கவனம் வேண்டியது, துன்பத்தை வெளியே சொல்லவிடாமல் மூடும் ஆடைக்குத்தான். நம் குடும்பங்கள் அதைச் சின்ன வயதிலிருந்தே படியவிடுகின்றன. வீட்டு விஷயம் வாசல் தாண்டக்கூடாது என்பார்கள். பெண் தாய்வீட்டுக்கு வந்து அழுதால், "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆண் கண் கலங்கினால், "ஆம்பள மாதிரி இருடா" என்பார்கள். இவர்களை எல்லாம் விட இக்கட்டில் இருப்பது வீட்டுக்குத் தெரியாமல் காதலித்த பிள்ளைகள். காதலையே சொல்லாதவர்கள் முறிவை எப்படிச் சொல்வார்கள்? சொன்னால் ஆறுதல் கிடைக்காது, செல்போன் பறிபோகும், படிப்பு நிற்கும், அவசரக் கல்யாணம் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் துக்கத்தைக் கொட்ட வீட்டில் ஓர் இடம்கூட இல்லை.

உறவுச் சிக்கல் மற்ற துன்பங்களைவிட ஆபத்தானதாக இருப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. வேலை போனால் மனைவியிடம் புலம்பலாம். பரீட்சையில் தவறினால் அம்மா மடியில் படுத்துக்கொள்ளலாம். அந்த மனைவியோடு, அந்த அம்மாவோடுதான் முறிவு என்றால்? தீயும் கூடுகிறது, பொங்காமல் கிண்டிவிடக் கரண்டியோடு பக்கத்தில் நின்ற ஆளும் அதே நேரத்தில் போய்விடுகிறார். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாடு, தற்கொலை எண்ணத்துக்கு இரண்டு உணர்வுகளை அடிப்படையாகச் சொல்கிறது: எனக்கென்று யாருமில்லை என்பது ஒன்று, நான் எல்லாருக்கும் பாரம் என்பது இன்னொன்று. முறிந்த உறவு இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்துவிடும். "நான் இல்லைன்னா நீங்கள்லாம் நிம்மதியா இருப்பீங்க" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், அதைக் கோபத்தில் வந்த பேச்சு என்று ஒதுக்காதீர்கள்.

இனி தடுப்பு. பால் பொங்கும்போது முதலில் தீயைத் தணிப்போம். இங்கே அதற்கு அர்த்தம், அன்றிரவே நியாயம் பேசாமலிருப்பது. யார் மேல் தப்பு என்பதை நாளைக்குப் பேசலாம். குடித்திருப்பவரோடு வாதாட வேண்டாம். கொந்தளிப்பின் உச்சம் நெடுநேரம் நிற்பதில்லை. அதைத் தாண்டவைத்துவிட்டால் பெரும்பாலும் உயிர் தப்பிவிடும். முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் அந்த நேரத்தில் ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் இருப்பது அவ்வளவு முக்கியம். காட்டுமன்னார்கோயில் பகுதி ஊர்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொது இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டை டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் சோதித்துப் பார்த்தது இதற்காகத்தான். 1986இல் சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர் அவர்.

அடுத்தது கிண்டிவிடுவது. கரண்டி பட்டதும் ஆடை விலகுகிறது, ஆவிக்கு வழி கிடைக்கிறது. பாலிடம் கேள்வி கேட்க முடியாது, மனிதரிடம் கேட்கலாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படி எதையும் காட்டவில்லை. கேட்கப்பட்டவருக்கு மனம் இலேசாவதே அதிகம். பதில் ஆமாம் என்றால் புத்தி சொல்லாதீர்கள், கடவுளையோ குழந்தைகளையோ காட்டிக் குற்றவுணர்வை ஏற்றாதீர்கள். கேட்டுக்கொண்டு கூடவே இருங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போகும்வரை தனியே விடாதீர்கள்.

அடங்கிய பால் அதே அடுப்பில் மறுபடி பொங்கும். தற்கொலைக்கு முயன்று பிழைத்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு வரும் வாரங்கள்தான் பலருக்கு மிக இடரானவை. ஐந்து நாடுகளில், சென்னை உட்பட ஐந்து மையங்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று சிகிச்சைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க" என்று விசாரித்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. ஒருவர் தவறாமல் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

சில வீடுகளில் தீயைத் தணிப்பது போதாது, பாத்திரத்தையே இறக்க வேண்டும். அடி உதை நடக்கும் வீட்டுக்குச் சமரசம் பேசிப் பெண்ணைத் திருப்பி அனுப்புவது தடுப்பு அல்ல. அதேபோல், "என்னை விட்டுப் போனால் செத்துவிடுவேன்" என்பவருக்கு உதவி தேவை. ஆனால் அதற்காக மற்றவர் அந்த உறவிலேயே கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. அவர் குடும்பத்துக்கும் உதவி எண்ணுக்கும் தகவல் சொல்லிவிட்டு விலகுவது துரோகம் ஆகாது.

காவல்துறைக்குப் பயந்து சிகிச்சையை மறைக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்; கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104, சிநேகா 044-24640050, பெண்களுக்கு 181, இலங்கையில் 1926. உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால் இன்றே கூப்பிடுங்கள். பக்கத்தில் யாருக்காவது இருந்தால், அவர் அருகில் உட்கார்ந்து நீங்கள் கூப்பிடுங்கள்.