இலுக்குப் புல்லும் அது பிடித்த நிலமும்

பேராதனைக்கும் கம்பளைக்கும் இடைப்பட்ட கெலிஓயாப் பகுதியில், நீர் நிற்கும் வயலினுள் இலுக்குப் புல்லைக் காண்பது அரிது. தேங்கிய நீரும் அடர்ந்த நிழலும் அதற்கு ஒவ்வா. மேட்டு வரம்பு, பாதையோரம், கைவிடப்பட்ட தேயிலை நிலம், அடிக்கடி தீயிடப்படும் சரிவு ஆகியனவே அதன் இருப்பிடங்கள்.

ஹந்தானைச் சரிவுகளிலுள்ள மானாப் புல்லை இலுக்கென மயங்குவோர் உளர். மானா குத்துக் குத்தாக வளரும்; இலையைக் கசக்கினால் எண்ணெய் மணம் வீசும். இலுக்குக்கு அம்மணம் இல்லை. அதன் இலையின் வெண்ணிற நடுநரம்பு ஒருபுறம் ஒதுங்கி நிற்கும். கதிர் வெண்பட்டுப் போன்றது. பூசைக்குரிய தருப்பையென இதனையே கொள்வாரும் உண்டு.

இப்புல்லின் வலிமை மண்ணுக்குள் இருக்கின்றது. கூரிய நுனியுடைய வெண்ணிற வேர்த்தண்டுகள் பெரும்பாலும் மேல்மண்ணின் 6 முதல் 8 அங்குல ஆழத்தில் பின்னிக் கிடக்கும். மரவள்ளி, வற்றாளைக் கிழங்குகளையும் அவை துளைத்துவிடும். 1977இல் வெளியான உலகக் களைகள் பற்றிய நூலொன்று, மிகக் கொடியனவற்றுள் இதற்கு 7ஆம் இடம் அளித்தது.

மரக்கறித் தோட்டம் அமைப்போர் முதலிற் செய்வது தீயிடல். இதுவே பெருந்தவறு. தீ இலையை அழிக்கும், வேர்த்தண்டைத் தீண்டாது. போட்டியிடும் பிற செடிகள் மடிய, இலுக்கு மாத்திரம் சில நாட்களில் துளிர்க்கும். அத்துடன் விரைந்து பூத்து, காற்றில் மிதக்கும் விதைகளை அயலார் நிலத்திற்கும் அனுப்பும். மழைக்காலத்தில் மண்வெட்டியால் ஒருமுறை கொத்திவிடுவதும் பயன் தராது. விரலளவு துண்டும் தனிச் செடியாகும்.

மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில் முள்ளினாற் கிளறி, வேர்த்தண்டுகளைப் பொறுக்கி வெயிலிற் காயவிடல் வேண்டும். மீண்டும் துளிர்க்கும்போது மறுபடி கிளறுக. பின்னர் நிலத்தை வெறுமையாக விடாது, விரைந்து படரும் அவரையினப் பயிரால் மூடுதல் நன்று. மேற்கு ஆபிரிக்காவின் பெனின் நாட்டுக் கமக்காரர் பூனைக்காலிக் கொடியைப் படரவிட்டே இப்புல்லை அடக்கினர்.

ஆயினும், செங்குத்தான ஓடைக்கரையில் நிற்கும் இலுக்கைக் கிளறலாகாது. அங்கு மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுவே. கதிர் விடுமுன் அறுத்தாற் போதும். அறுத்த புல்லை மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு மூடுபடையாக இடலாம். வேர்த்தண்டு ஒட்டியிருத்தல் கூடாது.