முதுநிலை மருத்துவக் கலந்தாய்வு

முதுநிலை மருத்துவக் கலந்தாய்வு என்பது எம்.பி.பி.எஸ். படிப்பையும் ஓராண்டு பயிற்சி மருத்துவத்தையும் நிறைவு செய்தவர்களுக்கு எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி. ஆகிய மூன்றாண்டுப் படிப்புகளில் இடம் ஒதுக்கும் முறையாகும். ஒருவர் குழந்தை மருத்துவர் ஆவாரா, அறுவை மருத்துவர் ஆவாரா என்பது பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில் முடிவாகிறது. ஆனாலும் தேர்வுக்குச் செலவிடும் உழைப்பில் சிறு பங்கைக்கூடப் பலர் கலந்தாய்வு விதிகளுக்குக் கொடுப்பதில்லை.

ஒரே வட்டாரம், நான்கு வழிகள்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள ஆரோவில் பகுதியை எடுத்துக்கொண்டால் இம்முறையின் சிக்கல் எளிதில் விளங்கும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் பல மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆனால் அவற்றுக்குள் நுழையும் வழிகள் வெவ்வேறு.

கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் 2008 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். எனவே நீட் முதுநிலைத் தேர்வின் மதிப்பெண் அங்கு செல்லாது. ஆண்டுக்கு இருமுறை எய்ம்ஸ் நடத்தும் ஐ.என்.ஐ.-செட் தேர்வை எழுத வேண்டும். இட ஒதுக்கீடும் அதற்கெனத் தனியாக நடக்கும்.

மற்ற மூன்று வழிகளுக்கும் நீட் முதுநிலைத் தேர்வே அடிப்படை. முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியில் பாதி இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்லும். அவற்றை மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நிரப்புகிறது. மீதிப் பாதியைத் தமிழ்நாட்டின் தேர்வுக் குழு சென்னையிலிருந்து நிரப்புகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டிலுள்ள தனியார் கல்லூரி புதுச்சேரி எல்லைக்குள் வருவதால், அதற்குச் சென்டாக் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையார்குப்பத்துக் கல்லூரியோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதன் எல்லா இடங்களும் மத்தியக் குழுவின் கையில் உள்ளன.

தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டில் இன்னொரு பிரிவும் உண்டு. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு அதில் 50 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. எனவே மரக்காணம் போன்ற ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் மருத்துவரும், நேற்றுப் பயிற்சி முடித்தவரும் ஒரே தரவரிசை எண் பெற்றிருந்தாலும் அவர்களுக்குக் கிடைக்கும் இடம் ஒன்றாக இருக்காது. அதே சமயம், முதுநிலைப் படிப்பில் குடியிருப்பை அடிப்படையாகக் கொண்ட ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியுள்ளது. அந்தந்த நிறுவனத்தில் படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தருவதற்கு மட்டும் அத்தீர்ப்பு இடமளிக்கிறது.

விருப்பப் பட்டியல்

விண்ணப்பதாரர் தாம் விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவு இணைகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். கணினி முதல் தரவரிசையிலிருந்து தொடங்கும். ஒவ்வொருவரின் பட்டியலிலும் மேலிருந்து கீழாகப் பார்த்து, அவரது பிரிவில் காலியாக உள்ள முதல் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். கிடைக்க வாய்ப்பில்லாத கதிரியக்கவியலை முதலில் எழுதியதால், இரண்டாவதாக எழுதிய பொது மருத்துவம் கைநழுவாது. 'கிடைப்பதை முதலில் போடு' என்று விடுதிகளில் சொல்லப்படும் அறிவுரை தவறானது. உண்மையான விருப்ப வரிசையே சரியான வரிசை. சேர விரும்பாத இடத்தைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

அமெரிக்காவில் 1952 முதல் நடைமுறையில் உள்ள முறை இதிலிருந்து வேறுபட்டது. அங்கு மருத்துவமனைகளும் நேர்காணல் நடத்தி விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்துகின்றன. இருபுறப் பட்டியல்களையும் ஒரு கணிப்புமுறை பொருத்துகிறது. அந்தக் கணிப்புமுறையைத் திருத்தியமைத்த ஆல்வின் ராத்தும், இத்தகைய பொருத்தத்தின் கோட்பாட்டை வகுத்த லாயிட் ஷாப்லியும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இந்தியாவில் நேர்காணல் இல்லை. பரிந்துரைக்கு இடமில்லை என்பது இதன் நன்மை. ஒரு நாள் தேர்வே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்பது இதன் கொடுமை.

சுற்றுகள்

பட்டியலில் தந்திரம் தேவையில்லை. கவனம் வேண்டியது சுற்றுகளில்தான். மத்தியக் கலந்தாய்வில் மூன்று சுற்றுகளும், எஞ்சிய காலியிடங்களுக்கான இறுதிச் சுற்றும் உண்டு. முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் இழப்பு இல்லை. இரண்டாம் சுற்றில் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். இது அகில இந்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவுக்கு 25,000 ரூபாய். நிகர்நிலைக் கல்லூரிகளுக்கு 2 லட்சம். அடுத்தடுத்த சுற்றுகளில் பிடி இறுகும். இறுதிச் சுற்றில் கிடைத்த இடத்தை மறுப்பவர் அடுத்த தேர்வையே எழுத முடியாமல் போகலாம்.

முதல் சுற்றில் சேர்ந்தவர் 'உயர்வு' கேட்டு, அடுத்த சுற்றில் வேறு இடம் பெற்றால் பழைய இடம் தானாகவே ரத்தாகிவிடும். திரும்பிப் போக வழியில்லை. ஆகவே உயர்வு கேட்கும்போது, கையிலிருப்பதைவிட உண்மையிலேயே மேலானவற்றை மட்டுமே பட்டியலிட வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் சற்று மாறுவதால், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படித்தே தீர வேண்டும்.

நிரம்பாத இடங்கள்

இவ்வளவு போட்டிக்கு நடுவிலும் இடங்கள் மிஞ்சுகின்றன. 2021ஆம் ஆண்டுத் தேர்வுக்கான கலந்தாய்வில் 1,456 இடங்கள் காலியாயின. சிறப்புச் சுற்று நடத்தக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் தள்ளுபடி செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தில் சமரசம் கூடாது என்பது அதன் நிலை. 2023இல் ஒன்றிய அரசு தகுதி வரம்பைச் சுழியம் விழுக்காட்டுமானமாகக் குறைத்தது. மிஞ்சுபவற்றில் பெரும்பகுதி உடற்கூறியல், உயிர்வேதியியல் போன்ற நோயாளிகளை நேரடியாகப் பார்க்காத பிரிவுகளின் இடங்கள். வரம்பைக் குறைப்பதால் அவற்றின்மீது விருப்பம் கூடிவிடுவதில்லை, வருங்கால எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு அப்பாடங்களைக் கற்பிக்க வேண்டியவர்களோ அந்த இடங்களிலிருந்துதான் வர வேண்டும்.